நாற்பத்து மூன்றாவது நொடி

இருபது கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை
ஏதாவது ஒன்றை வட்டமிட வேண்டும்.
மேலே சமூக மருத்துவத் துறையின் முத்திரை,
கீழே என் பெயர், மூன்றாம் ஆண்டு,
இணைய அடிமைத்தனம் குறித்த ஆய்வின் உதவியாளர்.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து
விடுதி வராந்தாவில்
படிவங்களைப் பிடுங்கப் பார்க்கிறது.
நான்கு கட்டு. நான்கு பேரின் ஃபோனை வாங்கி
பாரமாக வைத்துவிட்டேன்,
எழுதி முடித்தால்தான் தருவேன் என்று.
இத்தனை வேகமாக யாரும் தேர்வெழுதி
நான் பார்த்ததில்லை.

"நினைத்ததைவிட அதிக நேரம்
இணையத்தில் இருக்கிறீர்களா?"
கோபிக்காரி சௌபர்ணிகா தலைதூக்கினாள்:
"நெனச்சுட்டு யாருங்க்கா உள்ள போறா?"
ஐந்தை வட்டமிட்டு
அதற்கு மேல் இன்னொரு வட்டம் போட்டாள்.
பக்கத்தில் ஒருத்தி எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.
பெயர் வேண்டாம் என்று சொல்லியும்
தெளிவாகப் பெயர் எழுதியிருந்தாள்.

நானும் யோக்கியம் இல்லை.
நேற்று பதினொன்றுக்குத் திறந்தது
தோள் நரம்புப் பின்னலைப் பற்றிய பாடம்.
இரண்டு பத்துக்கு
ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர்
சேறு பிடித்த கம்பளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.
கறுப்புத் தண்ணீர் வடிந்து
பூ வேலைப்பாடு மெல்ல வெளியே வரும்வரை
கண்ணெடுக்கவில்லை.
என் பக்கெட்டில் மூன்று நாள் துணி
ஊறிக் கிடந்தது.

காலையில் ஆண்கள் வார்டு.
எனக்குக் கைக்கடிகாரம் கிடையாது,
நாடி எண்ணுவதும் ஃபோனை வைத்துத்தான்.
பதினேழாம் கட்டில், சென்னியப்பன்,
சோமனூர், விசைத்தறி.
மணிக்கட்டு ரோமத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.
நாற்பத்து மூன்றாவது நொடியில்
திரையின் மேலிருந்து ஒரு பட்டை இறங்கியது:
உங்களைக் காணாமல் ஏங்குகிறோம்
என்றது ஒரு துணிக்கடை.

அறுபத்தொன்றா, அறுபத்து மூன்றா?
எழுபத்திரண்டு என்று எழுதிவிடலாம்.
வார்டில் பாதிப்பேரின் நாடி
எங்கள் குறிப்பேடுகளில் எழுபத்திரண்டுதான்.
தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்,
வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்:
"தப்பிப்போச்சாட்ட இருக்குது அம்மணி.
மறுக்கா எண்ணுங்க. நானெங்க போறேன்!"
பதினெட்டாம் கட்டில் சிரித்தது.

ஃபோனைக் கோட்டுப் பைக்குள் போட்டு
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.
ஒவ்வொரு நொடிக்கும்
முள் ஒருதரம் நடுங்கிவிட்டுத்தான் நகர்ந்தது.
ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா?
நடுவில் இரண்டுமுறை தொடையோரம் அதிர்ந்தது.
எண்பத்தாறு. விசேஷம் ஒன்றுமில்லை.
வராந்தாவுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன்,
யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.
அதிர்ந்தது எது?

இரவு என் படிவத்தையும் நிரப்பினேன்.
ஐம்பத்தெட்டு.
நடுத்தரம் என்கிறது அட்டவணை,
உள்ளூர்ப் பேருந்தின் கூட்டத்தைச் சொல்வதுபோல.
மொத்தம் நூற்றிருபதில் ஒரு தாள் குறைந்தது.
டார்ச் அடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
பேட்டரி நான்கு சதவிகிதம்.
புங்க மரத்தடியில்
பாதி மண்ணில் புரண்டு கிடந்தது.
எண்களைச் சுற்றி ஒரு வட்டமும் இல்லை.
ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து:

'அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி.
ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வீடியோவில் வருவார்.
பேச ஒன்றும் இருக்காது.
அரிசி டப்பாமேல் ஃபோனைச் சாத்திவிட்டு
அவர் சமைப்பார், நான் படிப்பேன்.
சில நாள் அப்படியே தூங்கிவிடுவோம், லைன் ஓடும்.
இதையும் நேரத்தில் சேர்க்கணுமா அக்கா?'

டார்ச் அணைந்துவிட்டது.
மேலே வந்து,
இருபது கேள்விகளையும் அவள் பக்கமிருந்து படித்து
மனசுக்குள் ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தேன்.
எட்டாவதில் கணக்கு தப்பியது.
காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.
ஒன்று என்று
மறுக்கா ஆரம்பித்தேன்.